நெருப்பு குளிரும் என்று சுருதி சொன்னால்

வேதம் சொல்லிவிட்டது, இனிக் கேள்வி எதற்கு என்பார் உண்டு. அத்வைதம் முழுமையும் அறிவு நெறி, அதற்கு வேதத்தின் துணை எதற்கு என்பாரும் உண்டு. இரு சாராரும் சாட்சிக்கு அழைப்பது ஆதி சங்கரரை. அவருடைய பாஷ்யங்களிலிருந்து இருவருக்குமே வாசகங்கள் கிடைத்துவிடுகின்றன. அவை எந்த வாதத்தின் நடுவே, யாருக்கு மறுமொழியாக வருகின்றன என்று பார்க்கத்தான் பொறுமை வேண்டும். அப்படிப் பார்க்கையில், முதற் சாராரே சங்கரரை விட்டு அதிகம் விலகி நிற்கிறார்கள் என்பது என் துணிபு.

சுருதி பிரமாணம் என்பதில் சங்கரருக்கு எள்ளளவும் ஐயமில்லை. எதற்குப் பிரமாணம் என்பதில்தான் அவர் கண்டிப்பானவர். பகவத்கீதை 18ஆம் அத்தியாயம் 66ஆம் சுலோகத்தின் பாஷ்யத்தில் அந்த எல்லையை வகுக்கிறார். நெருப்பு குளிர்ந்தது, ஒளியற்றது என்று நூறு சுருதிகள் சொன்னாலும் அவை பிரமாணமாகா. அப்படியொரு வாக்கியம் கண்ணில் பட்டால், சுருதி வேறெதையோ கருதிச் சொல்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். நேரில் அறிந்ததை மறுப்பது சுருதியின் வேலையன்று; வேறு வழியால் அறிய முடியாததை அறிவிப்பதே அதன் வேலை. பின்னர் வந்த வாசஸ்பதி மிச்ரர் இதே கருத்தைப் பாமதி என்னும் தம் உரையில் இன்னும் கூர்மையாக்கினார்: ஆயிரம் ஆகமங்கள் திரண்டாலும் குடத்தைத் துணியாக்கிவிட முடியாது.

தருக்கத்தைச் சங்கரர் கடிந்து பேசும் இடமும் உண்டு. பிரம்மசூத்திரம் 2.1.11, தருக்கத்துக்கு நிலைபேறு இல்லை என்று கூறும் சூத்திரம். உலகின் மூலகாரணம் பிரதானமே என்று அனுமானத்தால் நிறுவ முயலும் சாங்கியரோடு அங்கே வழக்கு நடக்கிறது. கபிலர், கணாதர் போன்ற மேதைகளே ஒருவரையொருவர் மறுக்கிறார்கள். முக்காலத்துத் தார்க்கிகர்களையும் ஓரிடத்தில் கூட்டி ஒரே முடிவு வாங்குவது நடக்கிற காரியமா என்று சங்கரர் கேட்கிறார். பலரும் எடுத்தாளும் பகுதி இது. அதற்கு எதிர்வாதி தரும் விடையை எடுத்தாளுவோர் குறைவு. தருக்கத்துக்கு நிலைபேறு இல்லை என்பதையும் தருக்கத்தைக் கொண்டல்லவா நிறுவுகிறீர்? சுருதி வாக்கியங்களின் பொருளில் தகராறு வந்தால் தீர்த்துவைப்பதும் தருக்கம்தானே? முன்னோன் மூடனாக இருந்தான் என்பதற்காக நானும் மூடனாக இருக்க வேண்டுமா? பிறர் வாதத்தை இவ்வளவு வலுவாகத் தம் நூலிலேயே எழுதிவைக்கும் நேர்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சங்கரர் அதைப் பாதி ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். சில துறைகளில் தருக்கம் நிலைபெற்றதே. உருவமோ, அனுமானிக்க உதவும் அடையாளமோ இல்லாத பிரம்மத்தின் விஷயத்தில்தான் அது தனித்து நிற்க முடியாது என்கிறார்.

இத்தனைக்கும் அடிப்படை 1.1.2 சூத்திர பாஷ்யத்தில் இருக்கிறது. தர்ம விசாரத்தில் சுருதி முதலியவையே பிரமாணம். பிரம்ம விசாரத்தில் அப்படியன்று. இடத்துக்கேற்ப அனுபவம் முதலியவையும் பிரமாணம். வேறுபாடு எங்கே வருகிறது? அதிராத்திர யாகத்தில் ஷோடசி என்னும் கிண்ணத்தை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம்; வேதம் இரண்டையும் சொல்கிறது. செயல் மனிதன் கையில் இருப்பதால் அங்கே விகற்பத்துக்கு இடமுண்டு. இருளில் நிற்பது தூணா மனிதனா என்பதில் விகற்பம் ஏது? தூண் என்றால் தூண்தான். அந்த அறிவு பொருளைச் சார்ந்தது, காண்பவனின் விருப்பத்தைச் சார்ந்ததன்று. பிரம்மம் இனிமேல் செய்து முடிக்க வேண்டிய செயல் அன்று, ஏற்கெனவே இருக்கும் பொருள். ஆகவே அதைப் பற்றிய அறிவு அனுபவத்தில் போய் முடிந்தாக வேண்டும். பூர்வமீமாம்சையிலிருந்து வேதாந்தம் பிரியும் இடம் இதுவே. வேதத்தைக் கட்டளையாக மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு ஆராய்ச்சி தேவையில்லாமல் போகலாம். ஒரு பொருளைக் காட்டும் சொல்லாக எடுத்துக்கொண்டால், காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும்.

பார்க்கச் சொல்வதும் சுருதியே. பிருகதாரண்யகத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு உபதேசிக்கும்போது, ஆன்மாவைக் கேட்க வேண்டும் என்பதோடு நிறுத்தவில்லை. யுக்தியால் ஆராய வேண்டும், பிறகு அதிலேயே ஆழ்ந்து நிற்க வேண்டும் என்கிறார். நடுவே உள்ள ஆராய்ச்சிதான் மனனம். அதன் மாதிரியைச் சங்கரர் 2.1.6 பாஷ்யத்தில் தருகிறார். கனவு வரும்போது நனவு இல்லை, நனவு வரும்போது கனவு இல்லை. ஆகவே இரண்டும் ஆன்மாவில் ஒட்டுவதில்லை. சுருதியின் துணை பெற்ற இத்தகைய தருக்கம் அனுபவத்துக்கு அங்கமாக ஏற்கப்படுகிறது என்றும், வறட்டுத் தருக்கத்துக்கு இங்கே இடமில்லை என்றும் அதே இடத்தில் சொல்கிறார். பின்னதை மட்டும் பிடித்துக்கொண்டு முன்னதை விட்டுவிடுவது எவ்வகையில் நியாயம்?

உபதேச ஸாஹஸ்ரியின் உரைநடைப் பகுதியில் இரண்டாம் பிரகரணத்தை நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு. முதற் பிரகரணத்தில் குரு சுருதி வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போகிறார். இரண்டாவதில் அவை மிக அரிது. பிறவித் துன்பத்தில் சலித்துப்போன பிரம்மசாரி ஒருவன் வந்து, இந்தத் துன்பம் என் இயல்பா, ஏதேனும் காரணத்தால் வந்ததா என்று கேட்கிறான். குரு சொல்லும் ஒவ்வொரு விடைக்கும் ஓர் ஆட்சேபம் வைக்கிறான். உறக்கத்தில் நான் எதையும் காண்பதில்லை, உணர்வைக்கூடக் காண்பதில்லையே என்கிறான். அப்படியானால் நீ காண்கிறாய் என்கிறார் குரு. காணப்படும் பொருள் இல்லை என்கிறாயே தவிர, காட்சி இல்லை என்று நீ சொல்லவில்லை. எதுவும் இல்லை என்று எதனால் அறிந்தாயோ அதுவே உணர்வு. வேதம் சொல்கிறது, ஒப்புக்கொள் என்று அவனை அடக்கவில்லை. அவன் உறங்கிய உறக்கத்தையே அவனுக்குச் சாட்சியாக்குகிறார். கேள்விக்குக் கேள்வி நெருங்கிவரும் அந்த உரையாடலில் ஓரிடத்திலும் குருவின் குரல் உயர்வதில்லை.

மகாவாக்கியத்தைக் கேட்டவுடன் நேரடி ஞானம் பிறக்குமா, தியானத்தால் பக்குவப்பட்ட மனமே அதற்குக் கருவியா என்று விவரண மரபும் பாமதி மரபும் பின்னாளில் நெடுங்காலம் வாதிட்டன. இத்தகைய கருத்து வேற்றுமைகளை ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்தில் பிறந்த அப்பைய தீக்ஷிதர் சித்தாந்த லேச சங்கிரகத்தில் தொகுத்து வைத்தார். ஒரே சம்பிரதாயத்துக்குள் இத்தனை மாற்றுக் கருத்துகளை மறைக்காமல் எழுதிவைக்க முடிந்ததென்றால், ஆராய்ச்சி அங்கே குற்றமாகக் கருதப்படவில்லை என்றுதானே பொருள்?

தமிழில் அத்வைதம் கற்போர் முதலில் எடுக்கும் நூல்களுள் ஒன்று தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம். அதில் இரண்டு படலங்கள். தத்துவ விளக்கப் படலத்தில் குரு உபதேசிக்கிறார்; சீடன் தெளிவும் பெற்றுவிடுகிறான். நூல் அங்கே முடியவில்லை. அடுத்து வருவது சந்தேகம் தெளிதற் படலம். உபதேசம் பெற்ற அதே சீடன் ஐயங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைக்க, குரு ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிறார். இரண்டில் நீளமான படலம் இந்த இரண்டாவதே.