மாடியில் ராஜா குடியிருந்த சிப்பிக் கடை



மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து, "அமெரிக்காவில் என்ன பார்த்தீங்க டீச்சர்?" என்று ஆளுக்கு ஆள் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: ஒரு சாப்பாட்டுக் கடை. சிரிக்க வேண்டாம். அது 1826-இல் திறந்த கடை. வயதை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், இன்னும் கணக்கு மறக்கவில்லை என்றால்!

பாஸ்டன் நகரத்தில் யூனியன் தெருவில் இருக்கிறது. பெயர் யூனியன் ஆய்ஸ்டர் ஹவுஸ். ஆய்ஸ்டர் என்பது சிப்பி. ஆனால் நம்ம தூத்துக்குடி முத்துச்சிப்பி வேறு இனம், இது வேறு இனம். நம் ஊரில் முத்துக்குளித்த காலத்தில் முத்தை எடுத்துவிட்டுச் சதையை வீசிவிடுவார்கள். அங்கே சதைக்காகவே சிப்பி. ஓட்டைத் திறந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, பச்சையாகவே சாப்பிடுகிறார்கள்.

கடையைவிடக் கட்டடம் இன்னும் நூறு வருஷம் பழையது. செங்கல் கட்டடம், தரையெல்லாம் கோணல், தலையில் இடிக்கிற மாதிரி தாழ்ந்த கூரை. அந்தக் காலத்தில் படகுத்துறை இதற்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போது கடலைப் பார்க்க நடந்து போக வேண்டும். துறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மண் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். கொஞ்ச தூரத்தில் குவின்சி மார்க்கெட் என்று பெரிய சந்தை இருக்கிறது. அதுவும் 1826-இல் திறந்ததுதான், தூர்த்த நிலத்தின் மேல்.

சிப்பிக் கடை வருவதற்கு முன்னால் கீழே ஒரு ஜவுளிக்கடை இருந்தது. மாடியில்தான் எனக்குப் பிடித்த கதை. 1771-இல் ஐசையா தாமஸ் என்ற இளைஞர் அங்கே 'மாசசூசெட்ஸ் ஸ்பை' என்ற பத்திரிகையை அச்சடித்தார். பிரிட்டிஷ் ஆட்சியைக் கிழிகிழியென்று கிழித்த பத்திரிகை அது. இந்த தாமஸ் ஆறேழு வயதிலேயே ஒரு அச்சகத்தில் வேலைக்கு விடப்பட்டவர். பள்ளிக்கூட வாசம் ரொம்பக் குறைவு. எழுத்து கோத்தே எழுத்துக் கற்றவர். 1775 ஏப்ரலில் பிரிட்டிஷ்காரர்கள் பிடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அச்சு எந்திரத்தைக் கழற்றி ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைத் தாண்டி வூஸ்டர் என்ற ஊருக்குக் கடத்திவிட்டார். அதற்குப் பின் மூன்றே நாளில் லெக்சிங்டனில் போர் ஆரம்பம்! பிற்காலத்தில் அமெரிக்க அச்சுக்கலையின் வரலாற்றை எழுதினார். 1812-இல் அவர் ஆரம்பித்த பழஞ்சுவடி நூலகம் வூஸ்டரில் இன்றும் இருக்கிறது.

அடுத்தது லூயி பிலிப். பிரெஞ்சுப் புரட்சியில் அப்பா தலை போனது. பிள்ளை நாடு நாடாக அலைந்தார். சுவிட்சர்லாந்தில் பெயரை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தார். அது நிச்சயமான சரித்திரம். பாஸ்டன் வந்தபோது இந்த மாடியில் தங்கிப் பெண்களுக்கு பிரெஞ்சு கற்றுக்கொடுத்தார் என்பது கடைக்காரர்கள் சொல்லும் கதை. நானும் வாத்தியார் என்பதால் அதை நம்பவே ஆசைப்படுகிறேன். அவர்தான் 1830-இல் பிரான்சுக்கு ராஜா ஆனார்.

1826-இல் அட்வுட் என்பவர் சிப்பிக் கடை போட்டார். அப்போது அமெரிக்க நகரங்களில் சிப்பி பணக்காரச் சாப்பாடு இல்லை, சாதாரண ஜனங்களும் தின்றது. பிறகு வந்த பெரிய மனிதர்களைப் பற்றிக் கதைகள் ஏராளம். டேனியல் வெப்ஸ்டர் என்ற செனட்டர் ஆறு தட்டுக்குக் குறையாமல் சிப்பி சாப்பிடுவாராம். பல் குத்தும் குச்சியை வியாபாரம் செய்ய நினைத்த ஒருவர், ஹார்வர்டு மாணவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, "குச்சி இல்லையா?" என்று சத்தம் போட வைத்தாராம். மாடியில் பதினெட்டாம் நம்பர் இருக்கை கென்னடியுடையது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மகள் அங்கேதான் போட்டோ எடுத்தாள்.

நான் கீழேயே நின்றுவிட்டேன். வாசல் பக்கம் அரைவட்டமாக ஒரு பழைய மேடை. அதற்குப் பின்னால் நின்று ஒருவர் சிப்பி திறந்துகொண்டிருந்தார். குட்டைக் கத்தியை மூட்டுவாயில் வைத்து ஒரு திருப்பு. ஓடு உடையவில்லை, உள்ளே இருந்த தண்ணீர் சிந்தவில்லை. கால் மணி நேரம் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். வரலாற்றில் பதினோரு மார்க். "ஓட்டல்ல தட்டு கழுவத்தான்டா நீ லாயக்கு" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருஷத்தோடு படிப்பை விட்டுவிட்டான். ஓட்டல் வேலைக்குத்தான் போனான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதே வகுப்பில் அமெரிக்கப் புரட்சியும் நடத்தியிருக்கிறேன், தேதி தேதியாக. ஐசையா தாமஸைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

அவன் பெயரைப் போடவில்லை. அந்த வருஷம் கூடப் படித்தவர்களுக்குத் தெரியும். யாராவது அவனோடு தொடர்பில் இருந்தால் இதைக் காட்டுங்கள். டீச்சர் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். நம்பர் கொடுத்தால் நானே பேசுகிறேன்.

சிப்பி சாப்பிட்டீர்களா என்று கேட்பீர்கள். ஒன்றே ஒன்று. கடல் தண்ணியை முழுங்கின மாதிரி இருந்தது. மிச்சம் ஐந்தையும் மருமகன் முடித்தார்.