கை வைத்த கைகள்: கோட்டயம் முதல் கொழும்பு வரை ஓர் ஆயர் மரபு

குருவழி வந்ததே ஞானம் என்பது நம் முன்னோர் கொள்கை. மெய்கண்டாரிடமிருந்து அருள்நந்தி சிவாசாரியாருக்கும், அவரிடமிருந்து மறைஞான சம்பந்தருக்கும், அவரிடமிருந்து உமாபதி சிவத்துக்கும் இறங்கிய உபதேச வழியைச் சந்தானம் என்கிறோம். இதனையொத்த கோட்பாடு கிறித்தவத்திலும் உண்டு. இயேசுவின் அப்போஸ்தலர்கள் தமக்குப் பின் வந்தோர் தலைமேல் கைவைத்து அருட்பொழிவு செய்தனர். அவர்கள் அடுத்தவர்க்குச் செய்தனர். அச்சங்கிலி அறாமல் வந்தவரே உண்மையான ஆயர் என்பது அக்கோட்பாடு. அப்போஸ்தல வழிமரபு என்பது இதன் பெயர். இச்சங்கிலியின் ஒரு கண்ணி கோட்டயத்திலும், மற்றொரு கண்ணி கொழும்பிலும் கோக்கப்பட்டு, அங்கிருந்து அமெரிக்கா, ஆப்பிரிக்கா வரை சென்ற வரலாறு நம்மவருள் பலர் அறியாதது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கி.பி. 325இல் கூடிய நிக்கேயாப் பொதுச்சங்கம், ஓர் ஆயரைத் திருநிலைப்படுத்தக் குறைந்தது மூன்று ஆயர்கள் கூட வேண்டும் என்று விதித்தது. திருச்சபையைப் பிரிந்து சென்ற ஆயர் ஒருவர் மற்றொருவர் தலைமேல் கைவைத்தால் அது செல்லுமா? செல்லாது என்பது கார்த்தேஜ் நகரச் சிப்பிரியான் வழி வந்தோர் கொள்கை. அருட்சாதனம் கொடுப்பவருடையதன்று, கிறித்துவினுடையது. ஆதலின் முறைகேடாயினும் செல்லும் என்றார் அகுஸ்தீனார். அரசு அலுவலகங்களில் காலம் கழிக்கும் நம் போன்றோர்க்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். கையொப்பமிடும் அதிகாரம் உண்டா என்பது ஒரு கேள்வி; அந்தக் கோப்பில் கையொப்பமிட்டது முறையா என்பது மற்றொரு கேள்வி. மேலைத் திருச்சபை அகுஸ்தீனாரைப் பின்பற்றியது. உரோமைக்கு அடங்காமல் தம்மைக் கத்தோலிக்கர் என அழைத்துக்கொள்ளும் தனித்திருச்சபைகள் அனைத்தும் தோன்றுவதற்கு வாயில் அதுவே. 1724இல் ஆலந்து நாட்டில், உரோமையின் ஒப்புதலின்றி வர்லே என்னும் ஆயர் ஸ்டீனோவனை உத்திரெக்டு நகரின் பேராயராகத் திருநிலைப்படுத்தியது இவ்வகையில் பெரிய முன்மாதிரி.

இனி நம் பகுதிக்கு வருவோம். கீழை நாடுகளில் ஆயர்களை முன்மொழியும் உரிமையைப் பாப்பரசர்கள் போர்த்துக்கல் மன்னருக்கு அளித்திருந்தனர். பதுரவாதோ என்பது அவ்வுரிமையின் பெயர். போர்த்துக்கல் நலிந்தபின், 1622இல் நிறுவப்பட்ட மறைபரப்புப் பேராயத்தின் வழியாக உரோமை தானே குருக்களை அனுப்பியது. ஒரே ஊரில் இரண்டு அதிகாரங்கள், இரண்டு கட்சிகள் என்னும் நிலை தமிழகத்திலும் இலங்கையிலும் நெடுங்காலம் நீடித்தது.

இலங்கையில் இது வெறும் அதிகாரப் போட்டியன்று. டச்சுக்காரர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல் யாழ்ப்பாணத்தில் மாறுவேடத்தில் வந்திறங்கி, தமிழ் கற்று, சிதறிக் கிடந்த மக்களைத் தேடித் திரிந்தவர் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார். 2015இல் இவர் புனிதர் பட்டம் பெற்றார். துன்பக்காலத்தில் துணைநின்றவர்கள் கோவாக் குருமார் என்னும் நன்றி அம்மக்களிடம் ஊறியிருந்தது. 1886ஆம் ஆண்டு பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரும் போர்த்துக்கல் அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இலங்கையில் கோவாக் குருமார் நடத்திய கோவில்கள் ஐரோப்பியத் துறவியரான ஆயர்களின் கைக்கு மாறின. தம் கோவிலைப் பற்றித் தம்மை ஒருவரும் கேட்கவில்லை என்னும் மனக்குறை பொங்கியது. கொழும்பில் வாழ்ந்த கோவா மருத்துவர் லிஸ்போவா பிந்தோ எதிர்ப்பியக்கத்துக்குத் தலைமை தாங்கினார்.

இயக்கம் நடத்தலாம், ஆனால் ஆயர் இல்லாமல் குருக்கள் இல்லை, குருக்கள் இல்லாமல் பூசை இல்லை. ஆயர் யார், எங்கிருந்து வருவார்? விடை மலையாள நாட்டில் இருந்தது. அங்குள்ள தோமா கிறித்தவர் 1653இல் மட்டாஞ்சேரியில் கூனன் சிலுவைச் சத்தியம் செய்து போர்த்துக்கீசிய ஆதிக்கத்தை உதறியவர்கள். அன்று ஆயர் இல்லாமையால் பன்னிரு குருக்களே தம் தலைவர் தலைமேல் கைவைத்தனர். அது போதாதென்ற குறை 1665இல் மேலையாசியாவிலிருந்து மார் கிரிகோரியோஸ் வந்த பின்னரே தீர்ந்தது. சங்கிலி அறுந்தவர் படும் பாட்டை அறிந்த மக்கள் அவர்கள்.

கோவாவில் வெர்ணா என்னும் ஊரில் 1836இல் பிறந்த அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் அல்வாரிஸ் என்னும் குருவானவர், இதழாசிரியராகவும் அரசையும் திருச்சபை மேலிடத்தையும் கண்டித்தவராகவும் பெயர் பெற்றவர். அந்தியோக்கியா முதுபெருந்தலைவரின் இசைவுடன் 1889 ஜூலையில் கோட்டயத்தில் அவரை மலங்கரைச் சபையார் ஆயராகத் திருநிலைப்படுத்தினர். கைவைத்தவருள் ஒருவர் பருமலைத் திருமேனி எனப் போற்றப்படும் மார் கிரிகோரியோஸ். அல்வாரிஸ் மார் யூலியோஸ் என்னும் பெயருடன் இலங்கை, கோவா, இந்தியா ஆகியவற்றின் தனிக் கத்தோலிக்கருக்குத் தலைவரானார். லத்தீன் வழிபாட்டு முறையை வைத்துக்கொள்ள அவர்களுக்கு இசைவு கிடைத்தது. நம் கருநாடகத்தில் உடுப்பியை அடுத்த பிரம்மாவரத்தில் நொரோஞா அடிகளாரைச் சார்ந்த மக்கள் இவர் பக்கம் நின்றனர்.

பாரிசில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பெல்ஜிய நாட்டுக் குடியேறிகளிடையே பணியாற்றிய ரெனே விலாத்து என்னும் குரு, தமக்கு ஆயர்நிலை வேண்டி ஐரோப்பாவில் முயன்று கைகூடாமல் கிழக்கே வந்தார். 1892 மே 29இல் கொழும்பு புதுக்கடையில் நல்ல மரண மாதா கோவிலில், அல்வாரிசும் மலங்கரை ஆயர் இருவரும் அவர் தலைமேல் கைவைத்தனர். அவர் மார் திமோத்தேயோஸ் ஆனார். இந்தியர் மூவரின் கையால் ஐரோப்பியர் ஒருவர் ஆயரானார்! அக்காலத்தில் லத்தீன் முறை மறைமாவட்டம் எதிலும் இந்தியர் ஆயராக இல்லை என்பதை எண்ணினால் இதன் பொருள் விளங்கும். தூத்துக்குடிக்குத் திபுர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானது 1923இல்தான். அல்வாரிஸ் கோவாவில் மறைந்ததும் அவ்வாண்டே.

விலாத்து மேலை நாடுகளில் பலருக்குக் கைவைத்தார். அவர் வழியாகத் தம் மரபைக் காட்டும் சிறு திருச்சபைகள் பல உள்ளன. அவற்றுள் சில, ஆயர் உண்டு, மக்கள் இல்லை என்னும்படியானவை. 1938இல் அந்தியோக்கியச் சிரியச் சபை இம்மரபைத் தன்னுடையதன்று என்று மறுத்தது. விலாத்தும் 1925இல் உரோமையுடன் ஒப்புரவாகி, வெர்சாய் அருகே ஒரு துறவு மடத்தில் தங்கி 1929இல் மறைந்தார்.

ஆயினும் இதனை வெறும் பட்ட வேட்கை என்று ஒதுக்குதல் முறையன்று. அந்திகுவாத் தீவில் பிறந்த கறுப்பினத்தவரான மெக்குவயர், வெள்ளையர் ஆளும் சபையில் தம்மினத்துக்கு உரிய இடம் கிட்டாது எனக் கண்டு, 1921இல் சிக்காகோவில் விலாத்தின் கையால் ஆயராகி ஆப்பிரிக்க ஆர்த்தடாக்சுச் சபையை நிறுவினார். அவர் 1927இல் திருநிலைப்படுத்திய தென்னாப்பிரிக்கர் தானியேல் அலெக்சாந்தர், 1932இல் உகாண்டாவில் ஸ்பார்த்தாஸ் என்பவரைக் குருவாக்கினார். ஸ்பார்த்தாஸ் பின்னர் அலெக்சாந்திரியாவின் கிரேக்கச் சபையோடு தம் மக்களை இணைத்தார். கோட்டயத்தில் தொடங்கிய வழி உகாண்டாவை எட்டியது இவ்வாறு. எங்கள் தலைமைக்கும் வேர் உண்டு என்று தாழ்த்தப்பட்ட மக்கள் தலைநிமிர்ந்து சொல்ல அம்மரபு உதவியது.

இலங்கையில் அல்வாரிசின் சபை நாளடைவில் கரைந்தது. பிரம்மாவரத்திலோ அது மலங்கரை ஆர்த்தடாக்சுச் சபையின் ஒரு பகுதியாக நிலைத்து, 2010இல் தனி மறைமாவட்டமும் ஆயிற்று. இரு இடத்தும் கைவைத்தவர் ஒருவரே. அப்படியிருக்க ஒன்று வாழ்ந்ததும் ஒன்று மாய்ந்ததும் ஏன்? கோட்டயத்தோடு கொண்ட உறவு பிரம்மாவரத்தில் அறாமல் தொடர்ந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கக் குடும்பங்களும் இருந்தன. ஆயரின் கை எத்துணைத் தூயதாயினும், அதன் கீழ் வந்து நிற்க மக்கள் வேண்டும். மேலிருந்து வரும் வழியும் கீழிருந்து தாங்கும் குடியும் சேர்ந்ததே மரபு. ஊர்விட்டு ஊர் வந்து சந்தாபுராவில் சங்கம் வைத்துத் தமிழ் வளர்க்கும் நமக்கும் இது பொருந்தும். நாம் யார் வழிவந்தோம் என்று சொல்லிக்கொள்வது பெருமை. அவ்வழியில் நமக்குப் பின் வருவோர் யார் என்பதே நாம் இன்று விடைகாண வேண்டிய கேள்வி.