மாமாவின் பழைய மிஷினும் ஸ்டுட்கார்ட்டின் புது மிஷினும்

போன வாரம் ஊரிலிருந்து மாமா போன் பண்ணினார். பட்டுக்கோட்டை பக்கம் மரம் அறுக்கிறவர். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டபோது செகண்ட் ஹாண்டில் ஒரு பழைய ஸ்டில் 070 வாங்கினார். இன்னும் அதுதான் சோறு போடுது.

"மாப்ள, இந்த மிஷின் செய்யுற ஊர்லதானே இருக்க? புதுசு வாங்கலாங்குறான் கடைக்காரன். பழசு மாதிரி நின்னு உழைக்குமா? கேட்டுச் சொல்லு."

நான் படிக்கிறது எம்.எஸ். என்பதால் உலகத்தில் உள்ள எல்லா மிஷினும் எனக்குத் தெரியும் என்பது மாமாவின் நம்பிக்கை :-) சரி, இதுக்காகவாவது கொஞ்சம் படிப்போமே என்று உட்கார்ந்ததன் விளைவுதான் இந்தப் பதிவு. மரம் அறுப்பில் ஆர்வமில்லாத மக்கள் மன்னிக்கவும்.

முதலில் பெயர். நம்ம ஊரில் 'ஸ்டில்', இங்கே 'ஷ்டீல்'. அது ஒரு மனிதரின் பெயர். ஆண்ட்ரியாஸ் ஷ்டீல், 1896இல் பிறந்த எஞ்சினியர். 1926இல் ஸ்டுட்கார்ட்டில் கம்பெனி ஆரம்பித்து, கரண்டில் ஓடும் செயின் ரம்பம் செய்தார். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டும். காட்டுக்குள் கரண்டுக்கு எங்கே போவது? 1929இல் பெட்ரோல் மிஷின் கொண்டுவந்தார். 6 குதிரை சக்தி, எடை 46 கிலோ! அதற்கும் இரண்டு ஆள். பெட்ரோல் விஷயத்தில் அவர் முதல் ஆள் இல்லை. 1927லேயே எமில் லெர்ப் என்பவர் துரிங்கியாவில் டோல்மார் என்ற மலையில் தன் பெட்ரோல் ரம்பத்தை ஓட்டிக் காட்டிவிட்டார். மலையின் பெயரே அந்தக் கம்பெனிக்குப் பெயராகிவிட்டது.

நான் வகுப்புக்கு ஏறி இறங்கும் அதே எஸ்-பான் ரயில்தான் பாட் கான்ஸ்டாட் தாண்டி வைப்லிங்கன் வரை போகிறது. ஷ்டீல் கம்பெனி போன வழியும் கிட்டத்தட்ட அதேதான். கான்ஸ்டாட்டில் ஆலை இருந்தது, போரில் குண்டு விழுந்து போனது, இப்போது தலைமையகம் வைப்லிங்கனில். வரலாறு எழுதும்போது நல்லதை மட்டும் எழுதக்கூடாது இல்லையா? முதலாளி ஷ்டீல் நாஜிக் கட்சியிலும் எஸ்.எஸ். அமைப்பிலும் உறுப்பினராக இருந்தவர். போர் முடிந்ததும் கைது செய்யப்பட்டார். பிறகு வெளியே வந்து கம்பெனியை மறுபடி தூக்கி நிறுத்தினார்.

1950இல் ஒரே ஆள் பிடிக்கிற பிஎல் மாடல், 16 கிலோ. 1959இல் 'கான்ட்ரா'. இதில்தான் கதையே மாறுது. அதுவரை எஞ்சினுக்கும் செயினுக்கும் நடுவில் இருந்த கியரைத் தூக்கிவிட்டார்கள். எஞ்சின் சுற்றுகிற வேகத்தில் செயினும் ஓடும். 12 கிலோவில் 6 குதிரை. அதாவது 1929இல் ஒரு குதிரை சக்திக்கு ஏழரைக் கிலோவுக்கு மேல் தூக்கிய ஆள், முப்பது வருஷம் கழித்து இரண்டே கிலோ தூக்கினார்.

எடை குறைந்தது, வேலை கூடியது. ஆனால் ஒரு பில் வந்தது. எஞ்சினின் அதிர்வு நேராகக் கைக்குப் போனது. ஒரே ஆள், நாள் முழுக்க, வருஷக்கணக்கில். 1960களில் பல நாடுகளில் காட்டு வேலைக்காரர்களின் விரல்கள் குளிரில் வெள்ளைவெளேர் என்று ஆக ஆரம்பித்தன. ரத்தக் குழாய் சுருங்கி, நரம்பு கெட்டு, உணர்ச்சி போய்விடும். 'வெள்ளை விரல் நோய்' என்றே பெயர். அதற்குப் பிறகுதான் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர், ஸ்பிரிங் வைத்து அதிர்வைத் தடுக்கிற ஏற்பாடு வந்தது. வாள் எகிறினால் செயினை நிறுத்தும் பிரேக்கை ஷ்டீல் 1972இல் கொண்டுவந்தது.

இப்போ மாமாவின் கேள்விக்கு வருவோம். 070 என்பது 106 சிசி, ஏறக்குறைய ஆறரைக் குதிரை, பத்தரைக் கிலோ. வாளும் செயினும் தனி. 2019இல் வந்த எம்எஸ் 500ஐ 79 சிசிதான், ஆனால் 6.8 குதிரை, 6.2 கிலோ. கார்புரேட்டரே கிடையாது, பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் அளந்து உள்ளே அனுப்புகிறார்கள். ஒரு குதிரைக்கு ஒரு கிலோ கூட இல்லை. அறுக்கும் வேகத்தில் போட்டியே இல்லை.

உழைப்பில்? இங்கேதான் மாமா பக்கம் நியாயம் இருக்கு. 070 மெதுவாகச் சுற்றும் பெரிய எஞ்சின், கனமான வார்ப்பு. கார்புரேட்டர் தகராறு பண்ணினால் ஸ்க்ரூ டிரைவரால் திருகி சரி பண்ணலாம். பட்டுக்கோட்டையில் பைக் ரிப்பேர் பண்ணுகிறவரே பிரித்து மாட்டிவிடுவார். 500ஐ மக்கர் பண்ணினால் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் டீலரிடம்தான் போகணும். மாமா கணக்கில், ரிப்பேர் பண்ண ஆள் இல்லாத மிஷின் என்னதான் கெட்டியாக இருந்தாலும் உழைக்காத மிஷின்தான்.

இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டு, சும்மா கேட்டேன், "மாமா, கை எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சட்டைப் பட்டன் போட அத்தைதான் வர வேண்டியிருக்கு. ராத்திரியில விரல் மரத்துப் போவுது. வயசாவுதுல்ல?"

மாமாவுக்கு வயசு நாற்பத்தாறு.

நம்ம ஊர் வெயிலில் விரல் வெளுப்பது அபூர்வம், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. மரத்துப் போவதும் ஊசி குத்துவதும் மட்டும் இருக்கும். வயசு, சுகர், வாயு என்று ஏதாவது பெயர் வைத்துவிடுவோம். ஐரோப்பாவில் 2002ஆம் வருஷ விதிப்படி ஒரு நாளில் தொழிலாளியின் கை வாங்கக்கூடிய அதிர்வுக்கு உச்சவரம்பு இருக்கு. மாமாவின் கைக்கு அப்படி வரம்பு போட்டவர் யாரும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. 'நின்னு உழைக்குமா' என்று நாம் மிஷினைப் பற்றி மட்டும்தான் கேட்கிறோம். அந்த 070 இன்னும் இருபது வருஷம் கூட ஓடும். அதைப் பிடிக்கிற கை ஓடுமா?

கடைசியில் மாமாவுக்கு நான் சொன்னது இதுதான். 500ஐ வேண்டாம், விலையும் ரிப்பேரும் கட்டாது. நடுவில் ஒன்று இருக்கு. கார்புரேட்டர் உள்ள, அதிர்வுத் தடுப்பும் செயின் பிரேக்கும் உள்ள, ஆறேழு கிலோ மிஷின். ரிப்பேரும் ஊரிலேயே முடியும். அதோடு முதலில் நரம்பு டாக்டரிடம் போய், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

"சரி மாப்ள, அப்ப பழசை என்ன பண்றது? நல்லா ஓடுதே!"

பதில் சொல்லத் தெரியலை. வித்தால் இன்னொருத்தர் கைக்குத்தானே போகும்? உங்களுக்கு ஏதாவது தோன்றினால் பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.