நான்கு மொழிகள், ஒரே உரிமம்: ‘ஹெரால்ட்’ வார இதழின் கதை

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் வாங்கிச் செல்லும் வார இதழாகவே ‘ஹெரால்ட்’ இந்நாட்டுக் கத்தோலிக்கத் தமிழர்களுக்கு அறிமுகமானது. 1994 முதல் வெளிவரும் இதன் பதிப்பாளர் கோலாலம்பூர் பேராயர். கோலாலம்பூர், பினாங்கு, மலாக்கா-ஜொகூர் ஆகிய மூன்று மறைமாவட்டங்களுக்கும் இது பொதுவான இதழ். 1972இல் அமைந்த மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்தின் பேராலயம் ஜொகூர்பாருவிலுள்ள திரு இருதய ஆலயம்.

ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் என ஒரே இதழில் நான்கு மொழிகள். தமிழ்ப்பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட தோட்டப்புறப் பெரியவர்களுக்குத் தமிழ்ப் பக்கங்களே முழு இதழும். மலாய்ப் பக்கங்களைப் படித்தவர்கள் பெரும்பாலும் சபா, சரவாக் மக்கள். பாசிர் கூடாங், மாசாய் வட்டாரங்களுக்கு வேலை தேடி வந்த சரவாக் இளைஞர்களும் அவர்களில் அடங்குவர்.

சிக்கல் அந்த மலாய்ப் பக்கங்களில்தான் எழுந்தது. கிறிஸ்துவ வெளியீடுகளில் ‘அல்லாஹ்’ உள்ளிட்ட நான்கு சொற்களைப் பயன்படுத்த உள்துறை அமைச்சு 1986லேயே தடை விதித்திருந்தது. அச்சு உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய காலம் அது. 2009இல் மலாய்ப் பக்கங்களுக்கு அனுமதி கிடைத்தாலும் அச்சொல்லுக்குக் கிடைக்கவில்லை. அட்டையில் ‘தெர்ஹாட்’, அதாவது ‘வரையறுக்கப்பட்டது’ என அச்சிட வேண்டும், கிறிஸ்துவர்களுக்கு மட்டுமே விநியோகிக்க வேண்டும் என்றும் நிபந்தனை வந்தது. தமிழ்ப் பக்கங்களில் அச்சொல்லுக்கு வேலையே இல்லை. ஆனால் உரிமம் ஒன்றே என்பதால், அட்டைக்கான நிபந்தனை தமிழ் வாசகரின் கைப்பிரதிக்கும் சேர்த்தே விதிக்கப்பட்டது.

இறைவனை எந்தச் சொல்லால் அழைப்பது என்பது தமிழ்க் கிறிஸ்துவர்களுக்கும் பழைய விவகாரம். 18ஆம் நூற்றாண்டில் பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். பின்வந்த புரொட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்றது. மொழிபெயர்ப்பாளர்கள் தங்களுக்குள் வாதிட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். இங்கோ விவகாரம் நீதிமன்றம் ஏறியது.

2009 டிசம்பர் 31இல் உயர்நீதிமன்ற நீதிபதி லாவ் பீ லான் பேராயருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அடுத்த சில நாள்களில் பல தேவாலயங்கள் தாக்கப்பட்டன. முதலில் தீக்கிரையானது கோலாலம்பூர், டேசா மெலாவத்தியிலிருந்த மெட்ரோ தபர்னக்கள். அது கத்தோலிக்க ஆலயமே அல்ல. இதழுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

2013 அக்டோபர் 14இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அச்சொல் கிறிஸ்துவ நம்பிக்கையின் இன்றியமையாப் பகுதி அல்ல என்பது அதன் காரணங்களில் ஒன்று. நம்பிக்கையில் எது இன்றியமையாதது என்பதை நம்புகிறவரே சொல்ல வேண்டாமா என்ற கேள்விக்கு இன்றும் தெளிவான பதில் இல்லை. 2014 ஜூன் 23இல் கூட்டரசு நீதிமன்றம் 4-3 என்ற பெரும்பான்மையில் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. 2015இல் மறுஆய்வு மனுவும் நிராகரிக்கப்பட்டது.

இதற்கிடையே, உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதி 2012இல் நீக்கப்பட்டது. சரவாக்கைச் சேர்ந்த ஜில் அயர்லாந்து தொடுத்த வேறொரு வழக்கில், 1986ஆம் ஆண்டு உத்தரவு செல்லாது என 2021இல் உயர்நீதிமன்றம் கூறியது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை அரசாங்கம் 2023இல் மீட்டுக்கொண்டது. ‘ஹெரால்ட்’ வழக்கின் முடிவு மட்டும் அப்படியே நிற்கிறது. ஜொகூரில், பிற சமயங்கள் முஸ்லிம்களிடையே பரப்பப்படுவதைக் கட்டுப்படுத்தும் 1991ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் தனியே இருக்கிறது.