மாட்டு வண்டியிலிருந்து காற்றுப் பை வரை



பசறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு ஏர் சஸ்பென்ஷன் பூட்டிய வேனில் போனோம். "சேர், இது ஏன் மற்ற வேன் மாதிரித் தூக்கிப் போடல?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

கோப்பிக் காலத்து மாட்டு வண்டிகளில் பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லை. பள்ளம் நேரே முதுகில் இறங்கும். 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. தோட்டங்களுக்குள் லொறி வந்தது. லொறியின் தகட்டு ஸ்பிரிங் முழுப் பாரத்துக்கு ஏற்ற விறைப்புள்ளது. ஆள் குறைந்தால் தூக்கிப் போடும்.

காற்று முதலில் டயருக்குள் போனது. 1845இல் தோம்சன் காப்புரிமை பெற்றார். 1888இல் டன்லப் தன் மகனின் மூன்று சில்லு சைக்கிளுக்குக் காற்று டயர் செய்தார். 1953இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் பஸ்களுக்கு இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வந்தது. ஆள் ஏறினால் வால்வு காற்றை நிரப்பும், இறங்கினால் வெளியே விடும். வண்டியின் உயரம் மாறாது, குலுக்கமும் குறையும்.

ஆனால் கல் பெயர்ந்த பாதையில் காற்றுப் பையும் ஓரளவுக்குத்தான் தாங்கும். அதே பாதையில்தான் பிரசவ வலி வந்த தங்கச்சிமாரை இன்றும் லொறியில் கீழே கொண்டு வருகிறோம். வேனுக்குக் காற்றுப் பை பூட்டுவது வசதி உள்ளவர் வேலை. பாதை எல்லாருக்குமானது. அதைச் சேர்ந்து கேட்போம்.