40 நிமிடம், சேறு, தோளில் சைக்கிள்: இளையோர் சைக்கிளோ-கிராஸ் உலகப் போட்டி எப்படி நடக்கிறது?

"சைக்கிள் பந்தயம்னு சொல்றாங்க, ஆனா பிள்ளைங்க சைக்கிளைத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்களே!" சைக்கிளோ-கிராஸ் காணொளியை முதன்முறையாகப் பார்ப்பவர் பலரும் கேட்கும் கேள்வி இது. உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒரு காணொளியைக் காட்டி, "நானும் போகலாமா?" என்று கேட்டிருக்கலாம். பதில் சொல்வதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

சைக்கிளோ-கிராஸ் என்றால் என்ன?

புல், சேறு, மணல், படிக்கட்டு, செங்குத்தான மேடு என்று எல்லாம் கலந்த சுற்றுப்பாதையில் நடக்கும் பந்தயம். ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் வரை இருக்கும். நடுவே 40 செண்டிமீட்டர் உயரம் வரை பலகைத் தடுப்புகள் வைத்திருப்பார்கள். திறமைசாலிகள் சைக்கிளோடு தாவிவிடுவார்கள். மற்றவர்கள் ஓட்டத்திலேயே இறங்கி, தூக்கித் தாண்டி, மறுபடியும் ஏறி உட்கார வேண்டும். ஏறி இறங்குவதில் வீணாகும் ஓரிரு வினாடிதான் பல நேரங்களில் பதக்கத்தைத் தீர்மானிக்கிறது.

இது பிரான்சில் தொடங்கிய விளையாட்டு. அங்கே முதல் தேசியப் போட்டி 1902-இல் நடந்தது. குளிர்காலத்தில் சாலைப் பந்தயம் இல்லாதபோது உடலைத் தயாராக வைத்திருக்க வீரர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். 1910-இல் டூர் டி பிரான்ஸ் பட்டத்தை வென்ற ஒக்டாவ் லப்பீஸ், தன் வெற்றிக்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம் என்று சொன்ன பிறகு இதன் புகழ் பரவியது. முதல் உலக வெற்றியாளர் போட்டி 1950-இல் பாரிசில் நடந்தது. ஒலிம்பிக்கில் மட்டும் இதற்கு இதுவரை இடம் கிடைக்கவில்லை.

'இளையோர்' என்றால் எந்த வயது?

பெற்றோர் பலர் குழம்பும் இடம் இதுதான். பிறந்த நாளை வைத்து அல்ல, பிறந்த ஆண்டை வைத்தே கணக்கு. உலகப் போட்டி நடக்கும் ஆண்டில் 17 அல்லது 18 வயதை எட்டுபவர்களே இளையோர். உதாரணமாக, 2027 தொடக்கத்தில் நடக்கும் போட்டி என்றால் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் பிறந்தவர்கள். பிள்ளை டிசம்பரில் பிறந்திருந்தாலும் சலுகை கிடையாது.

ஆக, ஒருவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் இரண்டே வாய்ப்பு. 2021-இல் பெல்ஜியத்தின் ஒஸ்டெண்டில் நடந்த உலகப் போட்டியில், கோவிட் காரணமாக இளையோர் பந்தயங்கள் ரத்தாயின. அந்த ஆண்டு 18-ஐ எட்டியவர்களுக்கு அந்த வாய்ப்பு திரும்ப வரவே இல்லை. அடுத்த ஆண்டு அவர்கள் 23 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குப் போயாக வேண்டியிருந்தது.

பந்தயம் எப்படி நடக்கும்?

தூரத்தை வைத்து அல்ல, நேரத்தை வைத்தே நடக்கும். இளையோருக்குச் சுமார் 40 நிமிடம், முதன்மைப் பிரிவு ஆண்களுக்குச் சுமார் ஒரு மணி நேரம். முதல் சுற்றுகள் எவ்வளவு வேகமாக முடிகின்றன என்பதைப் பார்த்துத்தான் மொத்தம் எத்தனை சுற்று என்று நடுவர்கள் முடிவு செய்வார்கள். முன்னணி வீரரிடம் ஒரு முழுச் சுற்று பின்தங்கும் நிலை வந்தால் வெளியேற வேண்டியதுதான்.

தொடக்கம் மிக முக்கியம். அகலமான நேர்ச்சாலையில் புறப்படும் கூட்டம் சில நொடிகளில் குறுகிய பாதைக்குள் நுழையும். பின்வரிசையில் நிற்பவர் எவ்வளவு வலிமையானவராக இருந்தாலும் அங்கே மாட்டிக்கொள்வார். அந்த வரிசையோ முந்தைய அனைத்துலகப் போட்டிகளில் எடுத்த புள்ளிகளை வைத்தே அமைகிறது.

சைக்கிள் ஏன் இரண்டு?

பார்க்கச் சாலைப் பந்தய சைக்கிள் போலத்தான் இருக்கும், வளைந்த கைப்பிடியோடு. ஆனால் டயர் முண்டுமுண்டாக இருக்கும். அதன் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சேற்றில் வழுக்காமல் இருக்கக் காற்றைக் குறைத்தே அடிப்பார்கள்.

சேறு அதிகமானால் அரைச் சுற்றிலேயே சைக்கிள் கனத்துவிடும். அதனால் பாதையோரம் 'பிட்' என்ற இடத்தில் உதவியாளர் ஒருவர் இரண்டாவது சைக்கிளோடு காத்திருப்பார். அழுக்கானதைக் கொடுத்து, சுத்தமானதை வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். அவர் கழுவித் தயாராக வைத்திருப்பார். பிட்டுக்கு வெளியே மாற்ற அனுமதி இல்லை. செலவு இங்கேதான் ஏறுகிறது. இரண்டு சைக்கிள், கூடுதல் சக்கரங்கள், உதவிக்கு ஆள் என்று குடும்பமே களத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

இந்தப் பட்டம் ஏன் முக்கியம்?

இளையோர் பட்டம் வென்றவர்களைப் பாருங்கள். நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் போல் 2012, 2013 என இரண்டு முறையும் வென்றார். முதன்மைப் பிரிவில் 2025-இல் ஏழாவது உலகப் பட்டத்தை எட்டினார். 2017-இல் வென்ற பிரிட்டனின் டோம் பிட்கொக், பிறகு மலைச் சைக்கிளோட்டத்தில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் பெற்றார். அதனால்தான் சாலைப் பந்தயக் குழுக்கள் இந்தப் போட்டியைக் கூர்ந்து கவனிக்கின்றன.

பெண்களுக்கு இந்தக் கதவு தாமதமாகத்தான் திறந்தது. ஆண் இளையோருக்கு 1979-லேயே உலகப் பட்டம் வந்துவிட்டது. பெண்களுக்கு 2020-இல் சுவிட்சர்லாந்தின் டுபெண்டோர்ஃபில்தான் முதன்முறை. நெதர்லாந்தின் ஷிரின் வான் அன்ரோய் அதை வென்றார். அதுவரை 17 வயதுப் பெண், தன்னைவிட மூத்தவர்களோடுதான் மோத வேண்டியிருந்தது.

சரி, மலேசியாவிலிருந்து போக முடியுமா?

விதி தடுக்கவில்லை. ஆனால் தனியாகப் பெயர் கொடுக்க முடியாது. தேசியச் சங்கம்தான் வீரரைத் தேர்வு செய்து அனுப்ப வேண்டும். இங்கே அது மலேசிய தேசிய சைக்கிளோட்டச் சம்மேளனம். பருவமும் ஒரு சிக்கல். போட்டிகள் ஐரோப்பியக் குளிர்காலத்தில், செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கின்றன. அது நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. டுங்குனைச் சேர்ந்த அசிசுல்ஹஸ்னி அவாங் 2017-இல் கெய்ரின் உலக வெற்றியாளரானார். ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோவில் வெள்ளியும் பெற்றார். அதெல்லாம் வெலோட்ரோமில் கிடைத்தவை. சாலாக் செலாத்தானில் இருக்கும் ஒரு பிள்ளை கொமுட்டர் ரயில் ஏறினால், அதே தடத்தில்தான் நீலாய் வருகிறது. தேசிய வெலோட்ரோம் இருப்பது அங்கேதான்.

அதற்காகச் சைக்கிளோ-கிராஸ் பயிற்சி வீண் என்று நினைக்காதீர்கள். ஓடிக்கொண்டே இறங்குவது, தூக்குவது, தாவி ஏறுவது, ஈரப்புல்லில் வளைவது எல்லாவற்றையும் வீட்டுக்கு அருகில் உள்ள திடலிலேயே பழகலாம். நம் மழைக்குச் சேற்றுக்கா பஞ்சம்? தலைக்கவசம் மட்டும் கட்டாயம்.

பிள்ளைக்கு இப்போது 13, 14 வயது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் மாநிலச் சைக்கிளோட்டச் சங்கத்தில் உரிமம் பற்றியும் வயதுப் பிரிவுகள் பற்றியும் இப்போதே கேட்டு வையுங்கள். 17 வந்த பிறகு கேட்டால், இருக்கும் இரண்டு வாய்ப்பில் ஒன்று விசாரிப்பதிலேயே போய்விடும்.