மலாயா அவசரகாலமும் அதன் பெயர் வரலாறும்

ஒரு போருக்கு இடப்படும் பெயர் அப்போர் செல்லும் நெறியையும் முடியும் நெறியையும் உறுதி செய்வதுண்டு. மலாயாவில் 1948 முதல் 1960 வரை பிரித்தானிய அரசாங்கத்திற்கும் மலாயாப் பொதுவுடைமைக் கட்சிக்கும் இடையே நிகழ்ந்த போர் இதற்குத் தக்க சான்றாகும். பதினோராயிரத்திற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்ட அதனை அரசாங்கம் போர் என வழங்காது, 'அவசரகாலம்' என்றே வழங்கிற்று. போர் எனின், ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் அடையும் இழப்பிற்கு இலண்டன் காப்புறுதிக் கழகங்கள் ஈடு தாரா என்பதே காரணம் என்பர் பலர். அஃதொன்றே போதிய காரணமென யாம் கருதவில்லை. போர் என்று கூறுங்கால், எதிர்நிற்பவனுக்கு ஒரு கோரிக்கை உண்டு என்பதும் உடன்படப் பெறுகின்றது. முதலிற் 'கொள்ளையர்' எனப்பட்ட காட்டுப்படையினர் 1952 முதல் அரசாங்க ஏடுகளிற் 'பொதுவுடைமைப் பயங்கரவாதிகள்' ஆயினர். சப்பானியரை எதிர்த்த காலத்தில் இவர்களுக்குப் படைக்கலம் அளித்தோரும், இவர்தம் தலைவர் சின் பெங்குக்கு விருது வழங்கினோரும் பிரித்தானியரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1948 சூன் 16ஆம் நாள் பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரு நாட்களில் மலாயாக் கூட்டரசு முழுதும் அவசரகாலம் பரவிற்று. போரின் தோற்றத்தை இந்நாளில் வைப்பது வழக்கம். ஆயினும் வேர்கள் முற்பட்டவை. சப்பானியர் காலத்து உணவுப் பஞ்சத்தால் காட்டோரம் புகுந்து பயிரிட்ட சீனர் ஐந்து இலட்சம் பேர் நிலவுரிமை இன்றி வாழ்ந்தனர். அவ்வாண்டு பிப்ரவரியில் அமைந்த கூட்டரசு, சீனர்க்கும் இந்தியர்க்கும் குடியுரிமையைக் குறுக்கிற்று. தோட்டங்களில் வேலைநிறுத்தம் பெருக, சூன் திங்களில் அனைத்து மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்புத் தடுக்கப்பட்டது. கட்சி படைக்கலப் போருக்கு முன்னரே முனைந்துவிட்டது என்பதும் மறுக்கற்பாலதன்று. எனினும் சங்கத்தின் கதவு அடைபட்டமை அதன் கூற்றுக்கு வலிவு தந்தது.

அக்கூட்டமைப்பின் தலைவராயிருந்த தமிழர் கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே திங்களிற் கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே திங்களில், அவர்தம் தோழர் வீரசேனனும் சுட்டுக் கொல்லப்பட்டார். கூலிக்கும் வேலைநேரத்திற்குமாக எழுந்த வழக்கு, அவசரகாலச் சட்டத்தின்முன் படைக்கலக் குற்றமாக மட்டுமே காட்சியளித்தது. தோட்டத் தமிழர் வரலாறு எழுதுவோர் இந்நிகழ்ச்சியைப் போரின் ஓரத்தில் ஒதுக்குதல் பொருந்தாது.

பெயரின் விளைவு பிறிதோரிடத்தும் புலப்படும். 1948 திசம்பரிற் பத்தாங்காலியில் படைக்கலம் ஏந்தாத ஊரார் இருபத்துநால்வரைப் பிரித்தானியப் படையினர் கொன்றனர். கொல்லப்பட்டோர் கொள்ளையரென்றே முதற்கண் அறிவிக்கப்பட்டது.

1950இற் பிரிக்ஸ் என்பார் வகுத்த திட்டமே போரின் போக்கை மாற்றியது. காட்டோரச் சீனர் முள்வேலி சூழ்ந்த நானூற்றுக்கு மேற்பட்ட புதுக்கிராமங்களிற் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் ஒருங்கு சேர்க்கப்பட்டன. காட்டிற்கு அரிசி செல்லாதபடி, காலையில் பால்மரம் வெட்டச் செல்வோரும் வாயிலில் சோதிக்கப்பட்டனர். 1951 அக்டோபரில் உயர் ஆணையர் கர்னி கொல்லப்பட, அடுத்த ஆண்டு வந்த தெம்பிளர், மக்கள் மனத்தை வெல்லுதலே வழி என்றார். ஆயினும் தஞ்சோங் மாலிம் ஊராருக்கு அரிசியைப் பாதியாகக் குறைத்து, நாளில் இருபத்திரண்டு மணிநேர ஊரடங்கும் விதித்தவர் அவரே. காட்டுப்படை மெலிந்தமைக்கு முள்வேலி காரணமாயிற்று; மீண்டும் வலுப்பெறாமைக்கு நிலவுரிமையும், விரிந்த குடியுரிமையும், 1957இற் கிட்டிய விடுதலையுமே காரணமென்பது எம் துணிபு.

1955 திசம்பரிற் பாலிங்கில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் இரு நாட்கள் பேசினர். கட்சியைக் கலைத்துச் சரணடைக என்றார் துங்கு. கட்சிக்கு ஏற்பு வேண்டினார் சின் பெங். சரண் என்பதை ஏலார் ஆயினர். பேச்சு முறிந்தது. 1960 சூலை 31ஆம் நாள் அவசரகாலம் நீக்கப்பட்ட பின்னரும் எஞ்சியோர் தாய்லாந்து எல்லையில் நிலைத்து, 1968 முதல் மீண்டும் போரிட்டனர். 1989 திசம்பர் 2ஆம் நாள் ஹாஜாயில் எழுதப்பட்ட உடன்படிக்கை, படைக்கலங்களை அழிப்பதைப் பேசிற்று. சரண் என்னும் சொல்லை ஆளவில்லை. பாலிங்கிற்கும் ஹாஜாய்க்கும் இடையே முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. சின் பெங் தாம் பிறந்த நாட்டிற்குத் திரும்பும் உரிமை பெறாராய், 2013இற் பாங்காக்கில் இறந்தார்.